சின்னக் காருக்கு முதல் காசு எங்கே போகவேண்டும்: எஞ்சினுக்கா, சில்லுக்கா, ஓட்டுபவருக்கா?

கொழும்பில் ஒரு விட்ஸோ, ஃபிட்டோ, ஸ்விஃப்டோ, பழைய சிவிக்கோ வைத்துக்கொண்டு ரேஸ் ஆசையோடு திரிகிற பெடியன்கள் அடிக்கடி கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணே, கையில கொஞ்சம் காசு இருக்கு. முதல்ல என்ன போடலாம்?" விடை ஆளுக்கு ஆள் மாறும். பார்ட்ஸ் கடையில் சைலன்சர் என்பார்கள். லப்டொப்போடு வருகிற டியூனிங்காரர் எஞ்சினை ஆளுகிற கணினியான ஈசியூ என்பார். கராஜ் பாஸைக் கேட்டால், "இந்த எஞ்சினைக் கழட்டிப்போட்டுப் பெரிசா ஒண்டு இறக்குவம்" என்பார். அவரவர் தமக்குக் கைவந்த வேலையைச் சொல்கிறார்கள், அதில் குற்றமில்லை. ஆனால் காசு ஒருதரம்தான் செலவாகும்.

இன்னொரு விஷயத்தையும் மனதில் வைக்க வேண்டும். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி கதவு திறந்தது. இடைப்பட்ட காலத்தில் ஏறிய விலைகள் பழைய நிலைக்கு இறங்கவில்லை. வீட்டில் நிற்கிற அந்தச் சின்னக் கார் பல குடும்பங்களுக்குப் பெரிய சொத்து. அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்குவதும் அதே கார்தான். ஆகவே எந்தப் பார்ட்ஸையும் இரண்டு இடங்களில் வைத்துப் பார்ப்பேன். ஒன்று, நுவரெலியாவின் மஹகஸ்தோட்ட மலையேற்றத்திலோ (மலைப்பாதையில் ஏறுகிற கார்ப் பந்தயம்) கட்டுகுருந்த பந்தய ஓடுதளத்திலோ அது நேரத்தைக் குறைக்குமா? மற்றது, மழை கொட்டுகிற ஒக்டோபர் மாலையில் கொழும்பின் காலி வீதியில் அது என்ன செய்யும்?

முதலில் எல்லோரும் ஆசைப்படுகிற எஞ்சின் பக்கம். திறந்த ஏர் பில்டர், அகலமான சைலன்சர் குழாய், எஞ்சினிலிருந்து புகையை வெளியே எடுக்கிற ஹெடர்ஸ் குழாய்கள். இவை மூன்றும் சேர்ந்துதான் வழமையான முதல் சுற்று. 1300, 1500 சிசி அளவுள்ள, காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிற டர்போ இல்லாத எஞ்சினில் இவற்றால் கிடைப்பது சில குதிரைவலு மட்டுமே. காரைத் தயாரித்தவர்களே காற்று உள்ளே போகிற வழியை ஓரளவு நன்றாகத்தான் அமைத்திருப்பார்கள். பெரும்பாலான கார்களில் பம்பருக்குப் பக்கத்திலோ கிரில்லுக்குப் பின்னாலோ இருந்து வெளிக்காற்றை இழுக்கிற மாதிரிப் பெட்டி வைத்திருப்பார்கள். அந்தப் பெட்டியைக் கழற்றிவிட்டு ஒரு கோன் பில்டரை எஞ்சினுக்குப் பக்கத்திலேயே பூட்டினால், அது பொனட்டுக்குள் கொதிக்கிற காற்றை இழுக்கத் தொடங்கும். கணக்கு எளிது. 30 பாகை வெளிக்காற்றோடு ஒப்பிட்டால் 60 பாகைக் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 9 சதவீதம் குறைவு. உள்ளே போகிற ஒட்சிசனும் அந்தளவு குறையும். பம்பலப்பிட்டிச் சந்தியில் சிக்னலுக்கு நின்று நின்று போகிற காரில் பொனட்டுக்குள் 60 பாகை வருவது பெரிய விஷயமில்லை. சத்தம் கூடும், வலு குறையும். கூடிய சத்தத்தை ஓட்டுகிறவர் வலு என்று நம்பிக்கொள்வார். பில்டர்தான் வேண்டும் என்றால் தொழிற்சாலைப் பெட்டிக்குள்ளேயே பொருந்துகிற, கழுவிப் பாவிக்கிற வகையை வாங்கலாம். அதிலும் பெரிய ஆதாயம் இல்லை, ஆனால் நட்டமும் இல்லை.

சைலன்சர் குழாயிலும் அகலம் கூடினால் வலு கூடும் என்கிற நம்பிக்கை பொய்த்துவிடும். குழாய் தேவைக்கு மேல் அகன்றால் புகையின் வேகம் குறையும். குறைந்த ஆர்பிஎம்மில் (எஞ்சின் சுழல்கிற வேகம்), அதாவது ஊருக்குள் நாம் ஓட்டுகிற இடத்தில், இழுவை போய்விடும். ஹெடர்ஸில் கொஞ்சம் உண்மையான பலன் இருக்கிறது. நான்கு குழாய்களை இரண்டாக்கி அதன் பிறகு ஒன்றாக்குகிற வகை நடு ஆர்பிஎம்மில் உதவும். நான்கையும் நேரே ஒன்றாக்குகிற வகை மேல் ஆர்பிஎம்மில் உதவும். ரோட்டுக்கும் மலையேற்றத்துக்கும் முதலாவது வகைதான் பொருந்தும். ஆனால் ஹெடர்ஸ் போடுகிற சாட்டில், புகையின் நச்சைக் குறைக்கிற கெட்டலிடிக் கொன்வேட்டரை வெட்டி எறிந்துவிடுகிறார்கள். வருடாந்த புகைப் பரிசோதனையில் காபன் மொனொக்சைட்டும் எரியாத ஹைட்ரோகாபனும் அளக்கப்படும். அதில் தவறினால் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது. பரிசோதனைக்கு முதல் நாள் பழையதைப் பூட்டி, அடுத்த நாள் கழற்றுகிற கூத்து வருடாவருடம் நடக்கிறது. பின்னால் வருகிற மோட்டார் சைக்கிள்காரரும், பஸ் தரிப்பில் நிற்கிற பிள்ளைகளும் சுவாசிப்பது அந்தப் புகையைத்தான். போட்டிக்கென்று தனிக் கார் இல்லாதவர் அதில் கைவைக்கவே கூடாது.

நுவரெலியாவில் ஓட ஆசைப்படுகிறவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. மஹகஸ்தோட்ட மலையேற்றம் 1934இலிருந்து வருகிற போட்டி, நம் நாட்டு மோட்டார் பந்தயங்களில் மிகப் பழையது. நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கொழும்பை விட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. குளிர் அதில் கொஞ்சத்தை ஈடுசெய்யும். அப்படியும் கொழும்பில் 100 குதிரைவலு தருகிற டர்போ இல்லாத எஞ்சின் அங்கே 85ஐத் தாண்டச் சிரமப்படும். பில்டராலும் சைலன்சராலும் சேர்த்த நான்கைந்து குதிரைவலுவை மலை ஒரே மூச்சில் விழுங்கிவிடும். ஆனால் டயரின் பிடியையோ, பிரேக்கையோ, இருநூறு அடி முன்னால் பார்க்கிற ஓட்டுநரின் கண்ணையோ உயரம் எதுவும் செய்யாது. எனக்கு இந்த ஒப்பீட்டின் பாதி விடை இங்கேயே கிடைத்துவிடுகிறது.

ஈசியூவின் மென்பொருளை மாற்றுகிற ரீமேப்புக்கு எல்லாக் காருக்கும் ஒரே விலை சொல்லப்படும், ஆனால் எல்லாக் காருக்கும் ஒரே பலன் தராது. டர்போ இல்லாத சின்ன எஞ்சினில் நல்ல டியூனர் செய்தாலும் சில சதவீதம்தான் கூடும். எக்ஸிலரேட்டர் மிதித்தவுடன் பாய்கிற உணர்வு பல நேரங்களில் திரொட்டில் திறக்கிற வேகத்தை மாற்றியதால் வருவது, எஞ்சினுக்குப் புதிய வலு வந்ததால் அல்ல. டர்போ கார் என்றால் கதை வேறு. 2017இல் வந்த ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டை எடுங்கள். 1371 சிசி டர்போ எஞ்சின், 140 குதிரைவலு, 230 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, கையால் கியர் போடுகிற காரின் எடை 970 கிலோ. அப்படியான காரில் பூஸ்டையும் (டர்போ தருகிற காற்றழுத்தம்) இக்னிஷனையும் (தீப்பொறி விழுகிற நேரம்) ஒழுங்காகச் சரிசெய்தால் 20 சதவீதத்துக்குக் கிட்டக் கூட்டலாம். செலவழித்த காசுக்கு எஞ்சின் பக்கத்தில் இதைவிட நல்ல பேரம் இல்லை. அதிலும் இரண்டு நிபந்தனை. 95 ஒக்டேன் பெட்ரோலுக்கு மேப் செய்த காரில் அவசரத்துக்கு 92 அடித்தால், எஞ்சினுக்குள் பெட்ரோல் நேரம் தவறி எரிகிற நொக்கிங் வரலாம். இரவு பதினொரு மணிக்குத் தூரத்து ஷெட் ஒன்றில் 92 மட்டும்தான் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று முதலே யோசித்துவிட வேண்டும். அடுத்தது சூடு. நம் காலநிலையில், டர்போக் காற்றைக் குளிர்விக்கிற இன்டர்கூலரும் ரேடியேட்டரும் ஏற்கனவே முழுமூச்சாக வேலை செய்கின்றன. டியூனர் இவற்றைப் பற்றிக் கேட்காமல் லப்டொப்பைத் திறந்தால் காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

எஞ்சின் மாற்றுவதைப் பற்றி நீட்டத் தேவையில்லை. சாதாரண ஈகே சிவிக்கில் (தொண்ணூறுகளின் பிற்பாதி மாதிரி) ஹொண்டாவின் வலுக்கூடிய பி16 எஞ்சினை இறக்குவது உலகம் முழுக்க நடந்த வேலை. கியர்பொக்ஸ், வயரிங், எஞ்சின் மௌண்ட், ஈசியூ எல்லாம் எங்கே கிடைக்கும், எது எதோடு சேரும் என்று நம் பாஸ்மாருக்கே மனப்பாடம். ஆனால் செலவு எஞ்சின் விலையோடு நிற்காது. டிரைவ் ஷாஃப்ட், கிளச், பிரேக், பெட்ரோல் பம்ப் என்று ஒவ்வொன்றாகப் பின்னால் வரும். வாகனப் பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கம் இருக்கிறது. மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும். பதியாத காரை நாளைக்கு விற்கவும் முடியாது, வீதியில் மறித்தால் விளக்கவும் முடியாது. அன்றாடம் ஓடுகிற காருக்கு இது வேண்டாம்.

இனிப் பிரேக்குக்கு வருவோம். இதில்தான் நான் அதிக நேரம் நிற்க விரும்புகிறேன், ஏனென்றால் கேட்பவர் யாரும் இதைப் பற்றிக் கேட்பதில்லை.

வேகம் இரட்டித்தால் பிரேக் விழுங்க வேண்டிய சக்தி நான்கு மடங்காகும். 60இல் போகிற காரை நிறுத்துவதற்கும் 100இல் போகிற காரை நிறுத்துவதற்கும் இடையில் கிட்டத்தட்ட 2.8 மடங்கு வித்தியாசம். அந்தச் சக்தி முழுவதும் வெப்பமாக மாறி முன் டிஸ்க்கிலும் பேடிலும் இறங்குகிறது. அங்கிருந்து, பேடை டிஸ்க்கோடு அழுத்துகிற கலிப்பருக்கும், கலிப்பருக்குள் நிற்கிற பிரேக் ஒயிலுக்கும் போகிறது. பிரேக் ஒயில் என்று நாம் சொல்கிற திரவம் ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. கொழும்பு போன்ற கடற்கரை நகரத்தில் வருடம் முழுக்கக் காற்றில் ஈரம்தான். டொட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை வரை கொதிக்காமல் நிற்க வேண்டும் என்பது தர நியமம். நூற்றுக்கு 3.7 பங்கு தண்ணீர் சேர்ந்த பிறகு அந்த எல்லை 155 பாகைக்கு இறங்கிவிடும். டொட் 3 என்றால் 205இலிருந்து 140க்கு. கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி உண்டாகும். குமிழி அமுங்கும், திரவம் அமுங்காது. அப்போது பெடல் மெத்தென்று தரைவரை போகும், கார் நிற்காது. பேட் சூடேறிப் பிடி விட்டால் அதன் அடையாளம் வேறு. பெடல் கல்லு மாதிரி இறுகி நிற்கும், அப்படியும் கார் நிற்காது. இரண்டையும் காலால் உணர்ந்து பிரித்தறியத் தெரிந்தவர் பழுதை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்குகிற பாதையில் ஏப்ரல் மாதம் எத்தனையோ கொழும்புக் கார்கள் பிரேக் மணக்க மணக்க ஓரம் கட்டி நிற்கும். அவற்றில் ரேஸ் கார் ஒன்றும் இல்லை. குடும்பக் கார்கள்தான், ஐந்து பேரும் சாமான்களும் ஏற்றியவை. இன்றைக்கே உங்கள் பொனட்டைத் திறந்து பிரேக் ஒயில் டப்பாவைப் பாருங்கள். புதியது மெல்லிய தேன் நிறத்தில், அடி தெரியத் தெளிவாக இருக்கும். தேயிலைச் சாயம் போலக் கறுத்திருந்தால் பல வருடம் மாற்றவில்லை என்று அர்த்தம். மாற்றுவதற்கு ஆகிற செலவு ஒரு ஏர் பில்டரை விடக் குறைவு. டொட் 5.1 கிடைத்தால் இன்னும் நல்லது, 260 பாகை தாங்கும். ஆனால் டொட் 5 என்று மட்டும் எழுதியிருந்தால் அது சிலிகன் வகை, உங்கள் காருக்கு ஆகாது, மற்ற எதோடும் கலக்கவும் கூடாது.

பேடில் ஒரு எச்சரிக்கை. ரேஸ் பேட் என்று விற்கிற சில வகைகள் சூடேறிய பிறகுதான் பிடிக்கும். காலையில் வெள்ளவத்தையில் வீட்டு ஒழுங்கையிலிருந்து வெளியே வரும்போது குறுக்கே முச்சக்கர வண்டி வந்தால், குளிர்ந்த ரேஸ் பேட் சாதாரண பேடை விட மோசமாக நிறுத்தும். ரோட்டுக்கும் இடைக்கிடை ஓட்டத்துக்கும் என்று தயாரித்த நடுத்தர வகைதான் அன்றாடக் காருக்குச் சரி. பஞ்சிகாவத்தையில் பார்ட்ஸ் விற்கிற நானாமார் பலருக்கு எந்தப் பேட் எந்தக் காரில் சத்தம் போடும், எது டிஸ்க்கைத் தின்னும் என்று விரல்நுனியில் தெரியும். "நானா, இது எந்தச் சூட்டிலிருந்து பிடிக்கும்?" என்று கேளுங்கள். பெட்டியைத் திருப்பிப் பார்த்துச் சொல்லக்கூடியவரிடம் வாங்குங்கள். பிராண்ட் பெட்டிக்குள் போலிச் சரக்கு வருவதும் நடக்கிறது. அச்சு மங்கலாக இருந்தாலோ பேடின் பின்தகட்டில் இலக்கம் எதுவும் பொறிக்கப்படாமல் இருந்தாலோ விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். வேறு எதில் போலி வந்தாலும் பொறுக்கலாம், பிரேக்கில் முடியாது.

டயர் இதற்குச் சமமான இடத்தில் இருக்கிறது. எஞ்சினும் பிரேக்கும் ஸ்டியரிங்கும் செய்கிற எல்லாம் கடைசியில் நான்கு உள்ளங்கை அளவு ரப்பர் வழியாகத்தான் தரைக்குப் போகிறது. ஒரே காரில் நல்ல டயருக்கும் மட்டமான டயருக்கும் இடையில் ஒரு சுற்றில் வருகிற நேர வித்தியாசத்தை, பில்டரும் சைலன்சரும் ஹெடர்ஸும் சேர்ந்தாலும் எட்டாது. டயரின் பக்கச் சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பார்வைக்குப் புதிதாக, தடம் முழுதாக நிற்கிற பழைய டயரை மலிவாகத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். விரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். ரப்பர் அமுங்காமல் பிளாஸ்டிக் மாதிரி நின்றால் அதன் பிடி போய்விட்டது. அதே சுவரில் டிரெட்வேர் என்றொரு எண்ணும் இருக்கும். எண் குறையக் குறைய ரப்பர் மென்மை, பிடி கூட, ஆயுள் குறைவு. ஆனால் 200க்கும் கீழே உள்ள பாதி வழுவழுப்பான டயர்களைக் கொழும்பில் அன்றாடம் ஓட்டக்கூடாது. நம் ஊரில் மழை நினைத்த நேரத்தில் வரும், வந்தால் கால்மணி நேரத்தில் ரோட்டில் தண்ணீர் நிற்கும். தடம் இல்லாத டயர் அந்தத் தண்ணீர் மேல் மிதக்கும்.

பெரிய ரிம் போடுவதை நான் எதிர்க்கிறேன். 14 அங்குல சில்லில் பிறந்த காருக்கு 17 அங்குல ரிம் போட்டால் ஒவ்வொரு சில்லிலும் கிலோக்கணக்கில் எடை ஏறும். சுழலுகிற பொருளின் விளிம்பில் ஏறுகிற ஒரு கிலோ, காரை முடுக்கும்போது ஏறக்குறைய இரண்டு கிலோ மாதிரி நடந்துகொள்ளும். ஷொக் அப்சோபரும் அந்த எடையை ஒவ்வொரு குழியிலும் அடக்க வேண்டும். எஞ்சினுக்குக் காசு செலவழித்து வாங்கிய சில குதிரைவலுவை ரிம்முக்குக் காசு செலவழித்துத் திருப்பிக் கொடுக்கிற வேலை இது. தொழிற்சாலை அளவிலேயே, பாரம் குறைந்த ரிம்மும் நல்ல டயரும் போதும்.

ஷொக்கும் ஸ்பிரிங்கும் அடுத்த கட்டம். காரைத் தாழ்த்துவது அழகு என்று ஸ்பிரிங்கை வெட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சின்னக் கார்களில் முன்பக்கம் பெரும்பாலும், ஷொக்கும் ஸ்பிரிங்கும் ஒரே தூணாக நிற்கிற மெக்பர்சன் ஸ்ட்ரட் அமைப்பு. அதை அளவுக்கு மேல் தாழ்த்தினால் சில்லைப் பிடித்திருக்கிற கீழ்க் கை மேல்நோக்கிச் சாய்ந்துவிடும். காரின் பாரமையம் இறங்குவதை விட, கார் எதைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி இன்னும் கூடுதலாக இறங்கிவிடும். விளைவு, தாழ்ந்த கார் வளைவில் முன்னையை விட அதிகம் சாயப் பார்க்கும். மலிவான கொயிலோவரில் (உயரத்தை மாற்றக்கூடிய ஷொக்-ஸ்பிரிங் செட்) வருகிற ஏமாற்றம் பாதிக்கு மேல் இதனால்தான். 20, 30 மில்லிமீட்டருக்கு மேல் இறக்காமல், நல்ல ஷொக்கோடு, பின்பக்கம், சாய்வைத் தடுக்கிற அன்டி ரோல் பாரைக் கொஞ்சம் தடித்ததாகப் போட்டால் முன்சில்லு இழுக்கிற காரின் மூக்கு வளைவுக்கு வெளியே தள்ளுகிற குணம் நன்றாகக் குறையும். செலவில்லாமல் செய்யக்கூடியது எடைக் குறைப்பு. 100 குதிரைவலு, 1,000 கிலோ கார் ஒன்றில் 50 கிலோவை இறக்கினால் முடுக்கத்தில் அது ஐந்து குதிரைவலு சேர்த்ததற்குச் சமம். பிரேக்குக்கும் டயருக்கும் கிடைக்கிற இலாபம் அதற்கு மேல். ஓட்டத்துக்குப் போகிற நாளில் டிக்கியைக் காலி செய்தாலே பத்திருபது கிலோ போய்விடும்.

இனி மூன்றாவது தெரிவு, ஓட்டுபவர். எந்தக் கடையும் இதை விற்பதில்லை, அதனால் யாரும் சிபாரிசு செய்வதுமில்லை. பண்டாரகமவில் கார்ட்டிங் ஓடுதளம் இருக்கிறது. கொழும்பிலிருந்து காலையில் புறப்பட்டு ஓடிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். ஒரு செட் ஹெடர்ஸின் காசுக்குப் பல தடவை அங்கே ஓடலாம். கார்ட்டில் பிரேக் போடுகிற புள்ளி, வளைவுக்குள் நுழைகிற கோடு, எக்ஸிலரேட்டரைத் திரும்ப மிதிக்கிற கணம் எல்லாம் உடம்பில் பதியும். மணிக்கூட்டை வைத்து நேரத்தை அளந்து, அடுத்த முறை அதைக் குறைக்கப் பாருங்கள். புதிதாக ஓடத் தொடங்குகிறவர் முதல் சில நாட்களில் குறைக்கிற நேரத்தை எந்தப் பார்ட்ஸாலும் குறைக்க முடியாது. அங்கே பழகியது காலி வீதியிலும் உதவும், மலை இறக்கத்திலும் உதவும், அடுத்த காருக்கும் கூடவே வரும்.

இரவில் வெறிச்சோடிய மரைன் டிரைவில் ஓடிப் பழகலாம் என்று யாராவது சொன்னால், அதை ஒரு தெரிவாக இங்கே எடுக்கவே மாட்டேன். அது சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம். தூக்கம் வராமல் கடற்கரைப் பக்கம் நடக்கிற வயதானவருக்கு உங்கள் ஓட்டம் பற்றி எதுவும் தெரியாது என்பதுதான் எனக்குப் பெரிய காரணம். ஒழுங்கு செய்யப்பட்ட ஓடுதளத்தில்கூட உயிர் போகிறது. 2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவ ஃபொக்ஸ்ஹில் போட்டியில் கார் ஒன்று பாதையை விட்டு விலகிப் பார்வையாளர்களுக்குள் பாய்ந்ததில் ஏழு பேர் இறந்தார்கள். ஒரு சின்னப் பிள்ளையும் அதில் ஒருத்தி. வேகத்தை விரும்புகிற எவரும் அந்த நாளை மறந்துவிட்டு இதைப் பற்றிக் கதைக்க முடியாது.

உண்மையாகவே போட்டியில் இறங்க வேண்டும் என்று முடிவெடுத்தவருக்கு நான்காவது தெரிவு ஒன்று இருக்கிறது, என் கருத்தில் அதுதான் நேர்மையானது. அன்றாடக் காரைத் தொடாமல், போட்டிக்கென்று தனியாக ஒரு பழைய காரை எடுப்பது. இதற்கு நம் நாட்டில் நிசான் மார்ச் கே11 நல்ல துணை. 1992இல் வந்த கார், மறு வருடமே ஐரோப்பாவின் ஆண்டின் சிறந்த கார் விருதை வென்றது. 997 சிசி எஞ்சின், எளிய அமைப்பு, பாரம் குறைவு, பார்ட்ஸ் பஞ்சிகாவத்தையில் தோண்டினால் கிடைக்கும். 1000 சிசி மார்ச்களுக்கென்றே இங்கே போட்டிப் பிரிவு ஓடியிருக்கிறது. எல்லோரிடமும் ஏறக்குறைய ஒரே வலு என்றால் வெல்வது ஓட்டுநரும் ஷொக்கும் டயரும்தான். புதிதாக வருகிறவருக்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. இரண்டு மூன்று நண்பர்கள் சேர்ந்து ஒரு காரை எடுத்து மாறி மாறி ஓடினால் செலவும் பிரியும். "மச்சான், நீ இந்த ரவுண்ட், நான் அடுத்தது" என்று முதலே எழுதி வைத்துக்கொள்வது நட்புக்கு நல்லது.

தனிக் கார் எடுத்தால் பாதுகாப்புச் சாமானை முதல் செலவாக வையுங்கள். கார்ப் பந்தய ஹெல்மெட்டும் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டும் ஒன்றல்ல. ஸ்னெல் தரச்சான்றில் எஸ்ஏ முத்திரையுள்ளது தீயையும் கணக்கில் எடுத்துத் தயாரிக்கப்பட்டது, எம் முத்திரையுள்ளது அப்படியல்ல. நாலு புள்ளி, ஆறு புள்ளி பெல்ட்டை ரோல் கேஜ் (காருக்குள் பூட்டுகிற இரும்புக் கூடு) இல்லாத காரில் பூட்டுவது ஆபத்து. கார் புரண்டு கூரை அமுங்கும்போது சாதாரண பெல்ட் உடம்பைச் சாய விடும், இந்தப் பெல்ட் நிமிர்ந்தபடியே பிடித்து வைக்கும். எஃப்ஐஏ (சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பு) முத்திரையுள்ள பெல்ட்டுக்குக் காலாவதித் திகதி தைக்கப்பட்டிருக்கும். பிரபல பிராண்ட் பெல்ட்களின் போலிகள் நிறைய இருக்கின்றன. நிறத்தைப் பார்த்து வாங்காமல் அந்தச் சிட்டையைப் பாருங்கள்.

காப்புறுதியையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். வழமையான வாகனக் காப்புறுதி ஒப்பந்தங்கள் பந்தயத்தை விலக்கியே எழுதப்படுகின்றன. அறிவிக்காமல் செய்த மாற்றங்கள் இழப்பீடு கேட்கிற நாளில் உங்களுக்கு எதிராகத் திரும்பும். இது வீட்டுக் காரைத் தொடாமல் விடுவதற்கு இன்னொரு காரணம்.

ஆக, ஒரே ஒரு கார்தான் இருக்கிறது, வீட்டுக்கும் அதுதான் என்றால்: பிரேக் ஒயில், நடுத்தரப் பேட், நல்ல டயர், மிச்சக் காசுக்குப் பண்டாரகம. எஞ்சினில் கைவைக்க வேண்டாம். டர்போ கார் வைத்திருப்பவர் இவ்வளவையும் செய்துவிட்டு, ரேடியேட்டரையும் ஒழுங்காக்கிவிட்டு ரீமேப்புக்குப் போகலாம். பழைய ஈகே சிவிக் வைத்திருந்து, வேறு காரும் வீட்டில் நின்று, பதிவு அலைச்சலுக்கும் தயார் என்றால் எஞ்சின் மாற்றத்தை யோசிக்கலாம். அதையும் ஷொக்கும் பிரேக்கும் முடிந்த பிறகு. போட்டியில் ஓடியே ஆக வேண்டும் என்று துடிப்பவர் அந்தக் காசு முழுவதையும் ஒரு பழைய மார்ச்சில் போடட்டும்.

அவருக்குக் கடைசியாக ஒன்று. காரை வாங்க முதல், அந்த வருடத்துப் போட்டி விதிகளைக் கேட்டு வாங்கி முழுக்க வாசிக்க வேண்டும். எந்தப் பிரிவில் எந்த ஹெடர்ஸ், எந்த டயர், எவ்வளவு எடை அனுமதி என்பதெல்லாம் அதில் இருக்கும். அனுமதியில்லாத ஒரு கேம் ஷாஃப்ட்டைப் போட்டுவிட்டால் உங்கள் மார்ச் மேல் பிரிவுக்குத் தள்ளப்பட்டு ஹொண்டாக்களோடு ஓட நேரும். ஃபொக்ஸ்ஹில்லும் சாலியபுர கஜபா போட்டியும் மண் பாதை, கட்டுகுருந்தவும் மஹகஸ்தோட்டவும் தார். மண்ணுக்குத் தாழ்த்தாத ஷொக்கும் தடம் ஆழமான டயரும், தாருக்கு அதற்கு நேர் மறுதலையும் வேண்டும். எங்கே ஓடப் போகிறீர்கள் என்பதைத் தீர்மானித்த பிறகு பஞ்சிகாவத்தைக்குப் போங்கள்.